ஓசூர்ல 6 மாசக் கைக்குழந்தைய எங்க விடுறது?

புதுஅம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு அடுத்த வாரம் 6 மாசம் முடியுது, 26 வார லீவும் முடியுது. நான் ஒரு பிரைவேட் பேங்க் பிராஞ்ச்ல, வீட்டுக்காரர் சிப்காட்ல ஷிஃப்ட். ரெண்டு பேருக்கும் ஊர் திருநெல்வேலி பக்கம். அம்மாவால வர முடியாது, அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ், அம்மா இல்லன்னா அவர யாரு கூட்டிட்டுப் போவா. மாமியார் இல்ல.

பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடுன்னு ஏழு ப்ளேஸ்கூல் ஏறி இறங்கியாச்சு. போர்டுல டே கேர்னு பெருசா போட்டிருக்காங்க, உள்ள போயி கேட்டா ஒன்றரை வயசு ஆகணும், நடக்கணும், ஒரு இடத்துல டயப்பரே இருக்கக் கூடாதாம். கைக்குழந்தைய சேத்துக்கிறது ஒரே ஒரு இடம்தான். பகல் 12 மணிக்குப் போனேன். ஒரு ஆயா, பாய்ல ஒன்பது குழந்தைங்க, ஒன்பதும் தூங்குது. அந்த மேடம் "பாத்தீங்களா, சத்தமே இல்ல"ன்னு பெருமையா சொல்றாங்க, எனக்கு அதுலதான் வயித்தக் கலக்குச்சு. ஒன்பது குழந்தை எப்படிங்க ஒரே நேரத்துல தூங்கும்? என் ஒண்ணே தூங்க மாட்டேங்குது.

ஏஜென்சில வீட்டுக்கே ஆள் அனுப்புறாங்களாம், மாசம் 20,000, கமிஷன் தனி. என் கைக்கு வர்றதே 31,000. இதுல பாப்பா தூளிலதான் தூங்குவா, அதுவும் எங்கம்மா பழைய சேலைல. பாட்டில வாய்கிட்ட கொண்டு போனாலே தட்டி விடுறா. வேலைய விட்டுரலாமான்னு தோணுது, யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

கரூர்க்காரி:
அந்த ஒன்பதும் தூங்குற இடம் வேணவே வேணாம் சிஸ்டர். சளி சிரப் ஊத்தித் தூங்க வைக்கிறவங்க இருக்காங்க, அந்த இடத்துல அப்படின்னு நான் சொல்லல, ஆனா சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா உங்களால கவுண்டர்ல உக்காந்து காசு எண்ண முடியாது.  ஒரே ஒரு ஆயா எப்படி ஒன்பது குழந்தையத் தூக்கி ஏப்பம் விட வைப்பாங்க?

பாட்டில் குடிக்கலன்னா விடுங்க, சங்கு மாதிரி இருக்குற பாலாடைலயோ சின்ன டம்ளர்லயோ பழக்குங்க. 6 மாசம் முடிஞ்சாச்சுன்னா கேழ்வரகுக் கூழ், நேந்திரங்கா கஞ்சின்னு ஆரம்பிச்சிருவீங்க, முழுசா பாலையே நம்பி இருக்க வேணாம். பீச்சின பால் வெளிய 4 மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல 4 நாள் தாங்கும், வெயில் காலத்துல நான் வெளியவே வெக்க மாட்டேன். சூடு பண்ண அடுப்புல வெக்காதீங்க, வெந்நிக் கிண்ணத்துல பால் டப்பாவ நிக்க வெச்சாப் போதும்.

அங்கன்வாடில பகல் பூரா விடலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க, அங்க உக்கார வெக்கிறது 2 வயசுக்கு மேல. ஆனா போயி பேர் பதிஞ்சிருங்க, 6 மாசத்துல இருந்து சத்து மாவு தருவாங்க.

மனசாட்சி:
பணம் பணம்னு ஓடுனா இப்படித்தான். அம்மா இருக்க வேண்டிய இடத்துல ஆயா வந்தா குழந்தை எப்படி வளரும்.

கரூர்க்காரி:
டயாலிசிஸ்க்கு காசு நீங்க குடுக்குறீங்களா அண்ணே?

பழையHR:
லீவு முடியுறதுக்குள்ள ஆஃபீஸ்க்கு ஒரு மெயில் போடுங்கம்மா. சட்டப்படி 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல கிரெச், அதாவது குழந்தைங்களப் பாத்துக்கிற வசதி இருக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவ போய்ப் பாத்துட்டு வரலாம். உங்க பிராஞ்ச்ல மொத்தமே பத்து பதினஞ்சு பேர்தான் இருப்பீங்க, அதச் சொல்லித் தட்டிக் கழிப்பாங்க, இருந்தாலும் எழுத்துல கேட்டு வைங்க. அதவிட கையில கிடைக்கிறது இன்னொண்ணு இருக்கு, யாரும் கேக்குறதே இல்ல. சட்டத்துலயே குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் தினம் ரெண்டு நர்சிங் பிரேக் உண்டு, வழக்கமான பிரேக் போக தனியா. வீடு பக்கம்னா ஒரு பிரேக்ல போயி பால் குடுத்துட்டு வந்துரலாம்.

நைட்ஷிஃப்ட்அப்பா:
சிஸ்டர், நானும் சிப்காட்தான். நீங்க காலைல 9ல இருந்து சாயங்காலம் 6 வரைக்கும் ஒரே ஆள் தேடுறீங்க, அதான் கிடைக்கல. வீட்டுக்காரர செகண்ட் ஷிஃப்ட் கேக்கச் சொல்லுங்க. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வேணும்னு அலையுறவன் லைன்ல ரெண்டு பேராச்சும் இருப்பான், மாத்திக்கலாம். மதியம் 1 மணி வரைக்கும் அவர் பாத்துப்பாரு, மிச்சம் அஞ்சு அஞ்சரை மணி நேரம்தான். அஞ்சு மணி நேரத்துக்கு அக்கம்பக்கத்துல ஆள் கிடைக்கும், ஒன்பது மணி நேரத்துக்குத்தான் கிடைக்காது.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க, நைட் ஷிஃப்ட் பாத்துட்டு பகல்ல குழந்தையப் பாத்துக்கலாம்னு வீராப்பா இறங்க வேணாம். நான் இறங்கினேன். நாலாவது நாள் உக்காந்தபடியே கண் அசந்துட்டேன், முழிச்சுப் பாத்தா பையன் கட்டில் ஓரத்துல. இப்ப நெனச்சாலும் கை நடுங்குது.

புதுஅம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு வாரம் கழிச்சு வரேன். வீட்டுக்காரருக்கு செகண்ட் ஷிஃப்ட் கிடைச்சிருச்சு. பின் தெருவுல ஒரு தெலுங்கு அக்கா, வீட்லயே தையல் மிஷின் போட்டிருக்காங்க, பையன் மூணாவது படிக்கிறான். ஒரு மணில இருந்து ஆறரை வரைக்கும் பாத்துக்கிறாங்க, மாசம் 7,000. ஒரு வாரம் நானும் கூடவே உக்காந்தேன், நாலு தடவ சொல்லாமப் போய் நின்னேன், நாலு தடவயும் பாப்பா அவங்க இடுப்புல.

வீடு பாக்கப் போன அன்னைக்கு நான் மொதல்ல பாத்தது தளத்துல தூளிக் கொக்கி இருக்கான்னுதான், இருந்துச்சு. அவங்க சேலையக் கட்டினப்ப ஒரே அழுகை, எங்கம்மா சேலையக் கொண்டு போய்க் கட்டினதும் பத்து நிமிஷத்துல தூங்கிட்டா. இப்ப ஒரு சேலை இங்க ஒரு சேலை அங்க, மூணாவதுக்கு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நர்சிங் பிரேக் கேட்டதுக்கு மேனேஜர் "அப்படி ஒண்ணு இருக்கா"ன்னாரு, மெயில் போட்டிருக்கேன், பதில் இன்னும் வரல.

அக்கா மே மாசம் லீவுக்கு ஆந்திராவுல இருக்குற குப்பம் ஊருக்குப் போவாங்களாம், இருபது நாள். அதுக்கு என்ன பண்றதுன்னு இப்பவே யாராச்சும் ஐடியா குடுங்க.