இங்கிலாந்தின் லீட்ஸ் வந்து இரண்டு மாதம்: சர்க்கரைக்குச் சாப்பாட்டு ஆலோசனை யாரிடம் கேட்பது?

மதுரைக்காரி: வணக்கம். கணவரின் வேலைக்காக வந்திருக்கிறோம். எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. இங்கே ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். 64 என்று கடிதம் வந்திருக்கிறது. கட்டுப்பாட்டில் இல்லை, உணவை மாற்றுங்கள் என்கிறார்கள். பயந்துபோய் ஒரு வாரமாக இரவில் சோற்றைத் தொடவில்லை, வெள்ளரிக்காயும் மோரும்தான். நேற்று இரவு பதினொரு மணிக்குக் கை நடுங்கி, உடுத்திய துணி நனையும் அளவுக்கு வியர்த்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த மீட்டரில் பார்த்தால் 66. அவர்கள் சொன்னதும் 64, என் மீட்டரும் 66. பிறகு எப்படி அதிகம் என்கிறார்கள்? நம் சாப்பாடு தெரிந்த டயட்டீஷியன் யாராவது இருக்கிறார்களா? இன்று இரவை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஹாரோ அண்ணன்: சகோதரி, அரிசியை விட்டதே நல்ல காரியம். குதிரைவாலி, சாமைக்கு மாறிவிடுங்கள், இங்குள்ள தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது. நான் 2011இல் வந்தபோது ஒரே அறையில் நான்கு பேர். நாலு மணிக்கே இருட்டிவிடும். நடக்க வெளியே போக மனமே வராது. ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றே ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறியது. அந்தக் குளிர்காலத்தை இன்று நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

ஈஸ்ட்ஹாம் யாழ்ப்பாணத்தாள்: சாமையும் மாவுச்சத்துதான் அண்ணா. சிறுதானியம் என்று சொல்லி இரண்டு தட்டு சாப்பிட்டவர்களை என் வீட்டிலேயே பார்த்தேன். நான் சோற்றை விடவே இல்லை. அகப்பைக்குப் பதில் ஒரு சின்னக் கோப்பை வைத்தேன்: ஒரு கோப்பை சிவப்பரிசிச் சோறு, தட்டில் பாதி கீரையும் காயும், மீதியில் மீன் அல்லது பருப்பு. புட்டென்றால் ஒரு குழலில் பாதி. தேங்காய்ப்பூவைக் குறைக்க ஒரு வருடம் பிடித்தது. தங்கச்சி, உங்கள் வயது என்ன, எடை என்ன, எதையும் சொல்லவில்லையே?

ஹாரோ அண்ணன்: எனக்குச் சாமையில்தான் குறைந்தது. அனுபவத்தில் சொல்கிறேன்.

குரோய்டன்வாசி: டயட்டீஷியனைப் பார்க்க முதலில் ஜி.பி.யைப் பிடிக்க வேண்டுமே! காலை எட்டு மணிக்குப் போன் போட்டால் வரிசையில் இருபதாவது ஆள். நம் முறை வரும்போது அன்றைய நேரமெல்லாம் தீர்ந்துவிடும். விசாவுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டு இப்படிக் காத்திருப்பது வயிறு எரிகிறது. ஊரில் தெருமுனை லேபில் காலையில் ரத்தம் கொடுத்தால் மாலையில் முடிவு.

ஈஸ்ட்ஹாம் யாழ்ப்பாணத்தாள்: உண்மைதான். என் முதல் சந்திப்புக்கு ஐந்து வாரம் காத்திருந்தேன்.

பர்மிங்ஹாம் செவிலி: எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பெண்ணுக்கு நேற்று இரவு வந்தது தாழ்சர்க்கரை. கடிதத்திலுள்ள 64, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி. ஊர்க் கணக்கில் 8 சதவீதம். மீட்டரிலுள்ள 66 அந்த நிமிடத்துச் சர்க்கரை. அதை 18ஆல் வகுத்தால் இந்த நாட்டு அளவில் 3.7. நான்குக்குக் கீழே போகவே கூடாது. மதுரைக்காரி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இப்படி ஆவது அரிது. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு வகை என்றால் மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை சரிந்துவிடும். உணவைக் குறைப்பதற்கு முன் மாத்திரை அளவை மருத்துவர் பார்த்தாக வேண்டும். இன்றே ஜி.பி.யை அழையுங்கள், கிடைக்காவிட்டால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், காசு இல்லை. இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். மறுபடி நடுங்கினால் ஒரு சின்ன டம்ளர் பழச்சாறு, கால் மணி நேரத்தில் மீண்டும் மீட்டர், தேறியதும் ஏதாவது சாப்பாடு. உங்கள் கணவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டு ஆலோசனைக்கு, கிளினிக்கில் டெஸ்மண்ட் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். இரண்டாம் வகைச் சர்க்கரைக்கான இலவசக் குழு வகுப்பு அது. நம் தட்டை அவர்களுக்கு நாம்தான் விளக்க வேண்டும். ஒரு வாரம் சாப்பிட்டதைப் படம் எடுத்துக் கொண்டு போங்கள். மருந்துக் கட்டண விலக்குக்கான எஃப்பி92ஏ படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இங்கிலாந்தில் மருந்துச்சீட்டுக் கட்டணம் கிடையாது.

மதுரைக்காரி: அக்கா, உறையைப் பார்த்தேன். கிளிமெபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500. அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. 111இல் மொழிபெயர்ப்பாளரை இணைத்தார்கள்; நாளை காலை மருத்துவர் பேசுவார். இரவு ஒரு கோப்பை சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் சாப்பிட்டேன். பத்தரைக்கு மீட்டரில் 126.

பர்மிங்ஹாம் செவிலி: இங்கே அது 7. பழச்சாற்றைக் கட்டிலருகே வைத்துக்கொண்டு தூங்குங்கள். காலையில் மருத்துவரிடம் முதலில் கிளிமெபிரைடு, அப்புறம் டெஸ்மண்ட்.