ஊருக்குள் உயிர்க்கோழிக் கடை: மூடுவதா, இரவில் காலி செய்வதா?

வேலன்_கால்நடை:
பறவைக் காய்ச்சலைத் தடுக்க வேண்டுமென்றால் சென்னைக்குள் உயிர்க்கோழி விற்பதையே நிறுத்த வேண்டும். ஹாங்காங்கில் 1997-ல் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். 13 லட்சத்துக்கு மேல் கோழிகளைக் கொன்ற பிறகுதான் அடங்கியது. பல பண்ணைப் பறவைகள் ஒரே இடத்தில் மூச்சுவிடுவதுதான் வேர். சிங்கப்பூரில் மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச் சந்தைகளில் கோழி அறுப்பதை 1990களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

கூண்டுவண்டி:
அதே ஹாங்காங் 1998-ல் கடைகளைத் திரும்பத் திறந்ததே சார். வாத்தைத் தனியாகப் பிரித்தார்கள். 2001-ல் மாதம் ஒருநாள் எல்லாக் கடையும் காலி, கழுவல். 2002-ல் காடைக்குத் தடை. 2003-ல் காலி நாள் இரண்டானது. 2008-ல் இரவில் கடையில் உயிர்க்கோழி வைக்கக் கூடாது என்றார்கள். கிருமிக்கு நாளும் புதுப் பறவை வேண்டும். விற்காமல் மிஞ்சிய கோழிதான் நேற்றைய தொற்றை இன்றைய வரத்துக்குக் கடத்துகிறது. நம் ஊரில் பிராய்லர் பெரும்பாலும் வந்த அன்றே வெட்டுக்குப் போய்விடும். நாள்கணக்கில் நிற்பது நாட்டுக்கோழியும் காடையும். கெடுபிடியை அங்கே வையுங்கள். மொத்தமாக மூடினால் விற்பனை சந்துக்குள் போகும், யாரும் பார்க்க முடியாது.

வேலன்_கால்நடை:
காடை விஷயத்தில் ஒத்துப்போகிறேன். ஆனால் காலி செய்த கடையைக் கழுவுவது யார்? எச்சத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போவதுதான் நடக்கிறது. எச்சமும் இரத்தமும் குளோரினைத் தின்றுவிடும், கிருமி அப்படியே இருக்கும்.

ஆய்வகம்_மீனா:
வரிசை முக்கியம். முதலில் சுரண்டி எடுக்க வேண்டும், பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், நீர் வடிந்த பின்தான் குளோரின். 30 சதவீத பவுடர் என்றால் 10 லிட்டருக்கு 330 கிராம். அது 1 சதவீதக் கரைசல். 10 நிமிடம் ஈரமாகவே நிற்க வேண்டும். அன்றன்று கரைக்க வேண்டும். திறந்து வைத்த மூட்டை நம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் வீரியம் இழந்துவிடும். ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். காய்ந்த எச்சத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள், தூசியும் திவலையும் மூக்குக்குள் போகும். மரக்கூண்டை என்ன செய்தாலும் சுத்தமாக்க முடியாது, பிளாஸ்டிக்கோ இரும்போதான். குடல், இறகுத் தொட்டிக்கு மூடி வேண்டும். காகம் முதலில் அங்கேதான் இறங்கும். செத்த காகத்தை வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

கூண்டுவண்டி:
இதெல்லாம் கடைக்காரரால் செய்யக்கூடியதுதான். காலி நாளுக்கு வெள்ளிக்கிழமையே போதும், கறி விற்பனை எப்படியும் குறைவு. புரட்டாசியில் இரண்டு நாள்கூட விடலாம்.

வேலன்_கால்நடை:
வெள்ளி சரி. ஆனால் நகரம் முழுக்க ஒரே வெள்ளி, மொத்த விற்பனைச் சந்தையும் சேர்த்து. இல்லாவிட்டால் மிஞ்சிய கோழி பக்கத்துக் கடையில் ஒருநாள் தங்கிவிட்டுத் திரும்பி வரும். பண்ணைக்குத் திரும்பும் காலிக்கூண்டு? வண்டிச் சக்கரம்? அதைக் கழுவாமல் கடையை மட்டும் கழுவி என்ன பயன்?

கூண்டுவண்டி:
கூண்டு கழுவும் இடம் மொத்தச் சந்தையின் வெளிவாசலில் இருக்கட்டும். கழுவிய சீட்டு இல்லாத வண்டிக்குப் பண்ணையில் ஏற்றக் கூடாது. இதற்கு நான் சம்மதம். மூடுவதற்கு இல்லை.

வேலன்_கால்நடை:
காடையும் வாத்தும் கோழிக்கடையை விட்டு வெளியே போகும்வரை நான் மூடத்தான் சொல்வேன்.