வேர்டில் ஹைப்பர்லிங்க் நிறமும் அடிக்கோடும் மாற்ற உதவி தேவை: ஆய்வேடு முழுக்க நீலமும் ஊதாவுமாக இருக்கிறது

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேட்டை வேர்டில் தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். 212 பக்கம். உள்ளேயும் அடிக்குறிப்பிலுமாக 160 இணைப்புகளுக்கு மேல் இருக்கும். பெரும்பாலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், மதுரைத் திட்டம், நூலகம் தளங்களில் கிடைக்கும் பழைய பதிப்புகளுக்குப் போகிறவை.

எல்லாம் நீல நிறத்தில் அடிக்கோட்டோடு நிற்கின்றன. கருப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பார்த்தால் நீலம் சாம்பலாக வெளுத்துவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை அடிக்கோடு. என் ஆய்வு பரணி இலக்கியம் பற்றியது. லதா எழுத்துரு, 12 புள்ளி. 'ர'வின் கீழே சாய்ந்து இறங்கும் சின்ன வால் அடிக்கோட்டில் மறைந்து, இணைப்பு உள்ள இடத்தில் எல்லாம் 'பரணி' என்பது 'பாணி' மாதிரி தெரிகிறது. 'அளவு' என்பதில் 'வு'வின் கீழ்க்கொம்பையும் காணவில்லை. நெறியாளர் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் கருப்பாக்கி அடிக்கோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு இரவில் நாற்பது ஐம்பதுதான் முடிந்தது. இதற்கிடையில் சரிபார்க்கக் கிளிக் செய்தவை ஊதாவாகிவிட்டன, புதிதாகச் சேர்ப்பவை மறுபடி நீலமாகவே வருகின்றன. மொத்தமாக ஒரே தடவையில் மாற்ற வழி உண்டா? வரும் வெள்ளிக்குள் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும்.

பதில் 1

ஒவ்வொன்றாக மாற்றுவதை இப்போதே நிறுத்துங்கள் சகோதரி. கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எஸ் நான்கையும் சேர்த்து அழுத்தினால் ஸ்டைல்ஸ் பட்டியல் திறக்கும். அதில் 'ஹைப்பர்லிங்க்' என்ற ஸ்டைலை (இணைப்புகள் எல்லாம் தோற்றத்தை எடுத்துக்கொள்ளும் பொது அமைப்பு) மாற்றினால் போதும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், முதல் தடவை செய்பவர்கள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள்.

பட்டியலில் 'ஹைப்பர்லிங்க்' கண்ணில் படவில்லை என்றால் கீழே உள்ள 'ஆப்ஷன்ஸ்' போய் 'ஆல் ஸ்டைல்ஸ்' தேர்ந்தெடுங்கள். பெயர்மேல் வலது கிளிக், 'மாடிஃபை', அப்புறம் கீழே இடது மூலையில் 'ஃபார்மட்', அதில் 'ஃபான்ட்'. அங்கே நிறத்தையும் அடிக்கோட்டையும் மாற்றி ஓகே கொடுங்கள். இதே வேலையை 'ஃபாலோடு ஹைப்பர்லிங்க்' என்ற ஸ்டைலுக்கும் செய்யுங்கள். நீங்கள் சொல்லும் ஊதா அங்கிருந்துதான் வருகிறது. இரண்டுக்கும் ஒரே நிறம் வைத்துவிட்டால் எதைக் கிளிக் செய்தாலும் நிறம் மாறித் தெரியாது.

அந்தப் பெட்டியில் எழுத்துரு கேட்கும் இடத்தைத் தொடாதீர்கள். தமிழ் இருக்கும் கணினியில் ஆங்கிலத்துக்கு 'லத்தீன்' என்று ஒரு பகுதியும் தமிழ் போன்ற எழுத்துகளுக்கு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஒரு பகுதியும் தனித்தனியாக இருக்கும். இங்கே ஒரு அளவைக் கொடுத்துவிட்டால், அடிக்குறிப்பு 10 புள்ளியில் ஓடும்போது நடுவில் இணைப்பு மட்டும் 12-ல் நிற்கும். நிறமும் அடிக்கோடும் இரண்டு எழுத்துக்கும் பொது, அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. மாற்றினேன், பாதிக்கு மேல் ஒரே நொடியில் அடர் சிவப்பாக மாறிவிட்டன. கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் நான் ஏற்கெனவே கையால் கருப்பாக்கியவை அசையவே இல்லை, கருப்பாகவே இருக்கின்றன. மொத்த ஆவணத்தையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தச் சொல்லித் தோழி சொல்கிறாள். செய்யலாமா?

பதில் 2

வேண்டாம்! மொத்தத்துக்கும் அதைச் செய்தால் நீங்கள் தடிமனாக்கிய நூல் பெயர்கள், சாய்வெழுத்து, கையால் கொடுத்த லதா எழுத்துரு எல்லாம் போய்விடும்.

கையால் கொடுத்த நிறம் ஸ்டைலுக்கு மேலே ஒட்டிய தாள் மாதிரி. அடியில் ஸ்டைல் மாறினாலும் மேலே இருப்பதுதான் தெரியும். அதை இணைப்புகளில் இருந்து மட்டும் உரிக்க வேண்டும். முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்ட், எஃப்9 அழுத்துங்கள். இணைப்புகள் எல்லாம் அடைப்புக்குறிக்குள் நீளமான குறியீடாக விரியும். பக்க எண்ணிக்கை ஏறும், பயப்பட வேண்டாம். கண்ட்ரோல், எச் அழுத்தி 'ஃபைன்ட்' பக்கத்துக்குப் போங்கள். தேடும் இடத்தில் கேரட் குறி (ஆறாம் எண் சாவியில் ஷிஃப்டோடு வருவது), ஒட்டினாற்போல் ஆங்கிலச் சின்ன டி, ஒரு இடைவெளி, பிறகு ஹைப்பர்லிங்க் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'ஃபைன்ட் இன்' பொத்தானில் 'மெயின் டாகுமென்ட்' கொடுத்தால் உள்ளே இருக்கும் இணைப்புகள் அத்தனையும் ஒன்றாகத் தேர்வாகும். பெட்டியை மூடிவிட்டு, வேறு எங்கும் கிளிக் செய்யாமல், கண்ட்ரோல், ஸ்பேஸ். உடனே ஸ்டைல்ஸ் பட்டியலில் 'ஹைப்பர்லிங்க்' மேல் ஒரு கிளிக். திரும்ப ஆல்ட், எஃப்9 அழுத்தினால் பழைய தோற்றம் வந்துவிடும்.

கண்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தியதும் ஸ்டைலும் சேர்ந்தே கழன்றுவிடும், அதனால் அந்தக் கடைசிக் கிளிக்கை மறக்கக் கூடாது. அடிக்குறிப்பு மெயின் டாகுமென்டில் சேராது. அதே 'ஃபைன்ட் இன்' பட்டியலில் 'ஃபுட்நோட்ஸ்' இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை தனியாகச் செய்யுங்கள்.

பதில் 3

டிடிபி வேலையில் பல வருடமாக இருக்கிறேன், அடிக்கோடு பற்றி மட்டும் சொல்கிறேன் மா. உங்கள் நெறியாளர் வட்டமிட்டது நியாயம். ஆங்கிலத்தில் சின்ன ஜி, ஜே, பி, க்யூ, ஒய் என்று சில எழுத்துகள் மட்டும்தான் கோட்டுக்குக் கீழே இறங்கும். தமிழில் சு, பு, யு, வு, ர, ழ என்று வரிக்கு நாலைந்து எழுத்து இறங்கும். கோடு அவற்றின் குறுக்கே போகும்போது எழுத்தே வேறாகிவிடும். அச்சுப் பிரதியில் அடிக்கோட்டை எடுத்துவிடுவதுதான் நல்லது.

ஆனால் ஆய்வேட்டைப் பிடிஎஃப்பாகவும் கொடுப்பீர்கள் அல்லவா? அங்கே நிறத்தை மட்டும் நம்பினால், நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு இணைப்பு எது என்றே தெரியாது. இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜியும் நிறம் மட்டுமே அடையாளமாக இருக்கக் கூடாது என்கிறது. அதற்கு நான் செய்வது இதுதான்: அதே ஃபான்ட் பெட்டியில் அடிக்கோட்டுக்குத் தனி நிறம் கொடுக்க முடியும். புள்ளிக்கோடு, வெளிர் சாம்பல். எழுத்து அடர் சிவப்பில் நிற்கும், அதன் வாலும் கொம்பும் சாம்பல் புள்ளிகளுக்கு மேலே தெளிவாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்து 'பரணி'யைப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம்.

பதில் 4

லிப்ரே ஆபிஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு: எஃப்11 அழுத்தி கேரக்டர் ஸ்டைல்ஸ் பகுதிக்குப் போனால் 'இன்டர்நெட் லிங்க்', 'விசிட்டெட் இன்டர்நெட் லிங்க்' என்று இரண்டு இருக்கும். அவற்றை மாற்றினால் போதும். அங்கேயும் தமிழுக்கான எழுத்துரு 'சிடிஎல்' என்று தனியாக இருக்கும்.

கேட்டவர்

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. நகலில் செய்து பார்த்துவிட்டு அசலிலும் முடித்துவிட்டேன். உள்ளே இருந்தவை, அடிக்குறிப்பு இரண்டும் அரை மணி நேரத்தில் முடிந்தன. சாம்பல் புள்ளிக்கோடு வைத்து 37-ஆம் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்துப் பார்த்தேன். 'பரணி' பரணியாகவே இருக்கிறது. 'ர'வின் வால் புள்ளிகளைத் தாண்டி இறங்குவது நன்றாகத் தெரிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். மின்னூலக முகவரியைத் தட்டி இடைவெளி விட்டவுடன் தானாக இணைப்பாகிவிடுகிறது, நூற்பட்டியலில் வெறும் எழுத்தாக வேண்டும். அடுத்தது, பிடிஎஃப் எடுத்தால் இணைப்புகள் கிளிக் ஆகவில்லை.

பதில் 2

முதலாவதுக்கு: இணைப்பான அந்த நொடியே கண்ட்ரோல், இசட் ஒருமுறை அழுத்தினால் முகவரி மட்டும் எழுத்தாக நிற்கும். அடியோடு நிறுத்த வேண்டுமென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் வழியாக 'ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்' பக்கம் போய், 'இன்டர்நெட் அண்ட் நெட்வொர்க் பாத்ஸ்' என்று தொடங்கும் வரிக்கு முன்னால் உள்ள டிக்கை எடுங்கள். ஏற்கெனவே இணைப்பாகிவிட்ட நூற்பட்டியலை மட்டும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்தினால் அங்குள்ளவை எல்லாம் வெறும் எழுத்தாகிவிடும். தேர்வு நூற்பட்டியலைத் தாண்டக் கூடாது. பொருளடக்கம் அதில் மாட்டினால் அதுவும் உறைந்துவிடும், பிறகு பக்க எண்கள் தானாகப் புதுப்பிக்காது.

பிடிஎஃப்பை எப்படி எடுத்தீர்கள்? பிரின்ட் கொடுத்து, பிரின்டர் பட்டியலில் பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுத்தீர்களா?

கேட்டவர்

ஆமாம், அப்படித்தான்.

பதில் 2

அந்த வழியில் பக்கத்தின் தோற்றம் மட்டும்தான் போகும், இணைப்பு போகாது. ஃபைல், சேவ் ஆஸ் போய் கோப்பு வகையில் பிடிஎஃப் தேர்ந்தெடுங்கள்.

கேட்டவர்

வேலை செய்கிறது! 37-ஆம் பக்கத்து இணைப்பைப் பிடிஎஃப்பில் தொட்டேன், மின்னூலகப் பக்கம் நேராகத் திறந்தது. நாளைக் காலையில் நெறியாளரிடம் காட்டிவிட்டு பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறேன்.