பழைய கம்ப்யூட்டர், கையில் பத்தாயிரம்: தை பிறப்பதற்குள் எதை மாற்றலாம்?

தண்டையார்பேட்டை டிடிபி:

வணக்கம். தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, பாஸ்போர்ட் போட்டோ, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், நடுநடுவே ஆதார், பான் என்று ஆன்லைன் வேலை. எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். 2014-ல் வாங்கியது. இன்டெல் ஐ3 4130, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் கேபினட்டோடு சேர்ந்து வந்தது, யாரும் கேள்விப்படாத பெயர். மானிட்டர் நன்றாக இருக்கிறது. கீபோர்டில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. பரவாயில்லை, நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள்.

பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மட்டும் திறந்திருந்தால் ஓடுகிறது. கூடவே போட்டோஷாப்பையும் குரோமையும் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. பத்திரிகைக்காரர்கள் நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுவார்கள். அஞ்சலி போஸ்டருக்கு வருபவர்கள் அப்படிப் போக முடியாது. சாயந்திரம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்றால் அதற்குள் அச்சாகி, தெருவில் ஒட்டியாக வேண்டும். அழுத கண்ணோடு அவர்கள் நிற்கும்போது நான் மவுஸைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே கூசுகிறது.

கடையில் கேட்டால் போர்டு, ப்ராசஸர், ரேம் எல்லாம் சேர்த்து 25,000 ஆகும் என்கிறார்கள். அக்கா மகன் கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறான். என்னிடம் இருப்பது 10,000. மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் இப்போது கடையை ஒருநாள் மூடி வேலை பார்க்கலாம். தை பிறந்துவிட்டால் முடியாது. எதை மாற்றலாம்?

வியாசர்பாடி சர்வீஸ்:

அக்கா, கிராபிக்ஸ் கார்டு பையனுக்கு விளையாடத்தான் வேண்டும், உங்களுக்கு வேண்டாம். நீங்கள் செய்வதற்கு ப்ராசஸரோடு இருக்கும் கிராபிக்ஸே போதும்.

முதலில் ஒன்று பாருங்கள். கம்ப்யூட்டர் நிற்கும் நேரத்தில் விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு (அதாவது ப்ராசஸர்), மெமரி, டிஸ்க் மூன்றும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று கவனியுங்கள். டிஸ்க் நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு சிபியு சும்மா இருந்தால், ப்ராசஸரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல, ஹெட் ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் இடம் மாறி ஓட வேண்டும். நொடிக்கு நூறு, நூற்றைம்பது முறை ஓடினாலே அதிகம். தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் ஓட எதுவுமில்லை, அதே வேலை ஆயிரக்கணக்கில் நடக்கும். அதோடு 4 ஜிபி ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை அந்த டிஸ்க்கிலேயே கொண்டுபோய் வைக்கிறது. போட்டோஷாப் திறந்ததும் எல்லாம் நிற்பதன் காரணம் அநேகமாக இதுதான்.

எனவே 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. கடையில் 2.5 இன்ச் சாட்டா (உங்கள் ஹார்ட் டிஸ்க் மாதிரியே கேபிளில் செருகுவது) என்று கேட்டு வாங்குங்கள். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 என்விஎம்இ வேண்டாம். அதற்கு உங்கள் போர்டில் ஸ்லாட் இருக்காது, அடாப்டர் வைத்தாலும் பொதுவாக அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது. எச்81-ல் சாட்டா போர்ட் நான்கு, அதில் இரண்டுதான் நொடிக்கு 6 ஜிகாபிட் வேகம். பல போர்டுகளில் அந்த இரண்டும் வேறு நிறத்தில் இருக்கும், இல்லையென்றால் பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். கேபிளை அதில் செருகுங்கள்.

ரேம் இன்னொரு 4 ஜிபி போதும். டிடிஆர்3 இப்போது பெரும்பாலும் செகண்ட்ஸ்தான். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆன்லைனில் ரொம்ப மலிவாக 8 ஜிபி டிடிஆர்3 வரும், ஓரத்தில் சின்னதாக ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று போட்டிருப்பார்கள். அதன் சிப் அமைப்பு இன்டெல் போர்டுக்கு ஒத்துவராது, திரையே வராது. லேப்டாப் ரேமையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அது நீளம் குறைவு, ஸ்லாட்டில் உட்காராது. போடும்போது பழைய ரேமையும் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் துடையுங்கள். நம் பக்கம் கடல்காற்று. ரேம் போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு வருவதில் பாதி, துடைத்தாலே எழுந்துவிடும்.

மிச்சப் பணம் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு. உங்கள் கம்ப்யூட்டர் நூறு வாட்டைத் தொடாது, ஆகவே பெரிய வாட் தேவையில்லை. நல்ல பிராண்டில், கரண்டை வீணாக்காததற்கான 80 ப்ளஸ் முத்திரையோடு 450 வாட் போதும். கண்டெய்னர் லாரி ஓடும் ரோட்டுத் தூசியில் பதினோரு வருஷம் சுழன்ற எஸ்எம்பிஎஸ் அது. அதை நம்பிப் புது எஸ்எஸ்டியைச் செருக எனக்கு மனசு வராது.

ப்ராசஸர் ஆசை இருந்தால் செகண்ட்ஸில் ஐ5 4570 கிடைக்கும், உங்கள் போர்டில் இருக்கும் அதே எல்ஜிஏ 1150 சாக்கெட், நான்கு கோர் (கணக்குப் போடும் பகுதி). 4460, 4590 வாங்குவதானால் போர்டை எழுப்பும் உள் மென்பொருளான பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆரம்பக்கால எச்81 போர்டில் அப்படியே எழும்பாது. ஆனால் பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். நான்கு கோர் கொடுத்தாலும் அது ஒன்றில்தான் ஓடும். நான் என்றால் இப்போதைக்குப் போட மாட்டேன். பழைய கம்ப்யூட்டரில் பணம் போடும் எல்லாரிடமும் நான் கேட்பது, அந்தப் பொருள் அடுத்த கம்ப்யூட்டருக்குக் கூட வருமா என்பதைத்தான். எஸ்எஸ்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும் வரும். டிடிஆர்3-யும் ஐ5-உம் இந்தப் போர்டோடு முடிந்துபோகும்.

பெரம்பூர் லோகோ:

தம்பி சொல்வது சரிதான், ஆனால் விண்டோஸை மறந்துவிட்டார். விண்டோஸ் 10-க்கு ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். உங்களுடையது 4-ஆம் தலைமுறை. வெறும் பத்திரிகை அடிக்கிற கம்ப்யூட்டர் என்றால் கவலையில்லை. ஊரார் ஆதாரும் பான் கார்டும் அதில் ஸ்கேன் ஆகிறதே அம்மா. இன்னும் கொஞ்சம் சேர்த்து, கம்பெனிகள் கழித்துக்கட்டும் ஐ5 8500 வகைக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். ஆறு கோர், விண்டோஸ் 11 முறையாக ஏறும்.

வியாசர்பாடி சர்வீஸ்:

ஐயா சொல்லும் பாதுகாப்பு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு வருஷ வழி இருக்கிறது. விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பாக இருந்தால், அப்டேட் பக்கத்தில் கூடுதல் பாதுகாப்புக்குப் பதிவு செய்யலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் காசில்லை, 2026 அக்டோபர் 13 வரை வரும். அதற்குள் புதிதுக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர்கள் நல்லவைதான், நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சின்னப் பெட்டியாக வருவதில் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனி அளவில் இருக்கும். போனால் அதே மாடலைத் தேடி அலைய வேண்டும். ரேம் விலையும் இந்த 2025 கடைசியில் ஏறிக் கிடக்கிறது. இப்போது அவசரப்படுவதில் லாபமில்லை.

திருவொற்றியூர் தேரடி:

லினக்ஸ் போடலாமே? இலவசம், விண்டோஸ் தொல்லையே இல்லை, தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது.

தண்டையார்பேட்டை டிடிபி:

தேரடி, அதில் போட்டோஷாப் நேராக ஓடாதே. பன்னிரண்டு வருஷத்துப் பத்திரிகை மேட்டரும் என்னிடம் பேஜ்மேக்கரில்தான் இருக்கிறது. வேண்டாம் சாமி.

வியாசர்பாடித் தம்பி, டாஸ்க் மேனேஜரில் நீங்கள் சொன்னபடியே டிஸ்க் நூறில் நிற்கிறது, சிபியு இருபதைக்கூடத் தாண்டவில்லை. கடையில் யாரும் இதைத் திறந்துகூடப் பார்க்காமல் 25,000 சொன்னார்கள் என்பதுதான் எரிச்சல். லோகோ ஐயா, உங்கள் யோசனையை அடுத்த தீபாவளிக்கு வைத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் பொருள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். விண்டோஸை நானே ஏற்றலாமா? முன்னால் எதையாவது எடுத்து வைக்க வேண்டுமா?

வியாசர்பாடி சர்வீஸ்:

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் மூடியிருக்கும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமலே அரசினர் தோட்டம், அங்கிருந்து நடை. செகண்ட்ஸ் ரேமை அவர்கள் கடையிலேயே ஒரு போர்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாற்றித் தருவதற்கு எத்தனை நாள் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

விண்டோஸை நீங்களே ஏற்றலாம். அதற்கு முன்னால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். மஞ்சள் காட்டினால் வேறு எந்த வேலையும் செய்யாமல் முதலில் எல்லாவற்றையும் வெளியே காப்பி எடுங்கள். அந்த எல்லாவற்றிலும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் முதலில். பேஜ்மேக்கர் ஃபைல் பத்திரமாக இருந்து, அதில் போட்ட பழைய தமிழ் எழுத்துரு இல்லையென்றால், மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலக் குறிகள்தான் வரிசையாக நிற்கும். இப்போது எல்லா இடத்திலும் இருக்கும் யூனிகோட் எழுத்துருவை மாற்றிப் போட்டும் சரிசெய்ய முடியாது. பேஜ்மேக்கர் சிடி கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றும்போது ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழற்றி வையுங்கள், தவறியும் அதை ஃபார்மட் செய்துவிட மாட்டீர்கள்.

தண்டையார்பேட்டை டிடிபி:

முடிந்தது. எஸ்எஸ்டி, 4 ஜிபி ரேம், எஸ்எம்பிஎஸ் மூன்றும் ஏழாயிரத்துச் சொச்சம். மிச்சத்தை யுபிஎஸ் பேட்டரிக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஃபாண்ட் காப்பி எடுத்தபோதுதான் தெரிந்தது, எண்ணூறுக்கு மேல் இருக்கிறது, நான் தொடுவது பத்துதான். போட்டோஷாப், பேஜ்மேக்கர், குரோம் மூன்றையும் திறந்து வைத்து நேற்று ஒரு அஞ்சலி போஸ்டர் முடித்தேன். டீ வருவதற்குள் பிரிண்ட் போய்விட்டது.

ஒரே சந்தேகம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ அந்தப் பழைய 500 ஜிபிக்கு மஞ்சள் காட்டுகிறது, ரீஅலோகேட்டட் செக்டார் என்று ஏதோ எண் இருக்கிறது. உள்ளேயே பேக்கப்புக்கு விட்டுவைக்கலாமா?

வியாசர்பாடி சர்வீஸ்:

வேண்டாம் அக்கா. கெட்டுப்போன இடங்களை விட்டுவிட்டு வேறிடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வருஷமும் ஓடும், நாளைக்கே நிற்கவும் நிற்கும். கழற்றி, மேலே தேதி எழுதிப் பீரோவில் வையுங்கள், இரண்டாவது காப்பியாக இருக்கட்டும். பேக்கப்புக்கு யுபிஎஸ் பேட்டரிக்கு முன்னால் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள்.