ஷாட்கன் கட்டையும் முன்கட்டையும் மாற்றியவர்களே, உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

செல்வி, மினியாபொலிஸ்

மகள் பத்தாம் வகுப்பு. பள்ளி டிராப் அணியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மினசோட்டாவில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, இங்கே பள்ளிக்குப் பள்ளி களிமண் தட்டு சுடும் அணி உண்டு. எங்கள் இரண்டு வீட்டிலும் அதுவரை யாரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கணவரோடு வேலை செய்பவர் தன் ரெமிங்டன் 870 ஷாட்கனை எங்களுக்கு விற்றார். 12 கேஜ் அளவு, தோளில் வைக்கும் பின்கட்டை வால்நட் மரம், பார்க்கவே அவ்வளவு அழகு.

முதல் வருடம், மே மாதம். நல்ல வெயிலில் இவள் முழுக்கைச் சட்டையோடு திரிகிறாள். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது சட்டைக் கையை மடித்துவிட்டாள், அப்போதுதான் பார்த்தேன். தோளில் இல்லை, தோளுக்கும் கீழே புஜத்தில், கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. கட்டையின் அடிமுனை எப்படி வளைந்திருக்குமோ அதே வளைவு. தொட்டதும் பல்லைக் கடித்தாள். அணியிலிருந்து நிறுத்திவிடுவோம் என்று பயந்து இரண்டு வாரமாக மறைத்திருக்கிறாள். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அடுத்த பயிற்சிக்கு நானும் போனேன். துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, பயிற்சியாளர் கட்டையின் அடியை இவள் முழங்கை மடிப்பில் வைத்து ட்ரிகரைத் தொடச் சொன்னார். விரல் நுனிகூட எட்டவில்லை. ட்ரிகரிலிருந்து கட்டையின் முடிவு வரை 14 அங்குலம், இவள் ஐந்தடி ஒரு அங்குலம். தோள்குழியில் கட்டை உட்காராததால் கைச்சதையில் வைத்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சுட்டிருக்கிறாள். உதை முழுவதையும் அந்தச் சதைதான் வாங்கியிருக்கிறது.

மேக்புல் எஸ்ஜிஏ கட்டை வாங்கினோம். பன்னிரண்டரை அங்குலத்தில் தொடங்கி, அரை அரை அங்குலமாக ஸ்பேசர் என்ற இடைத்துண்டு சேர்த்துப் பதினான்கரை வரை நீட்டலாம். மரக்கட்டையைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். குழலுக்குக் கீழே பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும் முன்கட்டையை மட்டும் இன்னும் மாற்றவில்லை. மாற்றியவர்கள் சொல்லுங்கள்.

குமரன், பிஸ்மார்க்

அக்கா, பாப்பாவின் கைக்காகக் கட்டையை மாற்றியது நல்ல செய்தி. ஆனால் அந்த முழங்கை அளவை நம்பாதீர்கள். அது முன்கையின் நீளத்தை மட்டும்தான் சொல்லும். கழுத்து, தோள் அகலம், கன்னம், போட்டிருக்கும் துணி எதுவும் அதில் வராது.

எனக்குப் பாடம் சொன்னது துணிதான். வடக்கு டகோட்டாவில் வாத்து வேட்டை. ஆகஸ்டில், டி-ஷர்ட்டோடு வரவேற்பறையில் நின்று, ரப்பர் பூசிய புதுக் கட்டை ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அக்டோபர் கடைசியில் நாணல் மறைவுக்குள் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே இரண்டு அடுக்கு, மேலே தடித்த கோட்டு. விடிந்தும் விடியாத நேரத்தில் மூன்று மல்லார்டு எங்கள் பொம்மை வாத்துகளுக்கு நேர் மேலே இறக்கையை விரித்துக் காலைத் தொங்கவிட்டன. எழுந்து துப்பாக்கியைத் தூக்கினேன். கட்டையின் ரப்பர் அடி அக்குளுக்குக் கீழே கோட்டுத் துணியைக் கவ்விக்கொண்டது. இழுக்கிறேன், கோட்டும் சேர்ந்து வருகிறது. ஒரு வாத்தின் ஆரஞ்சுக் கால்விரல்கள் விரிந்திருந்தது கூட எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கம். தோளுக்குக் கொண்டுவருவதற்குள் மூன்றும் மேலேறிப் போய்விட்டன. பக்கத்தில் இருந்த என் மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் துப்பாக்கியையும் தூக்கவில்லை, அது என் முறை என்று விட்டுக்கொடுத்திருந்தார். எட்டு வருடம் ஆகியும் அது மனதை விட்டுப் போகவில்லை.

கோட்டு போட்டால் கட்டை அரை அங்குலம், முக்கால் அங்குலம் நீண்டது போல ஆகிவிடும். ஆகவே எந்தத் துணியோடு சுடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு, காலித் துப்பாக்கியைக் கண்ணை மூடித் தோளில் வையுங்கள். கண்ணைத் திறந்தால் குழல் முனையில் இருக்கும் பீட் (குறி மணி) நேராகத் தெரிய வேண்டும். மூக்குக்கும் கட்டைவிரல் கணுவுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். இடமே இல்லையென்றால் உதையில் உங்கள் விரலே மூக்கில் குத்தும். கையளவு இடம் இருந்தால் கட்டை நீளம்.

இன்னொன்று. அந்த வால்நட் கட்டையையே துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஒன்றரை அங்குலம் வெட்டி நல்ல ரப்பர் பேட் போட்டிருக்கலாம். பரணில் வைக்கவா அந்த மரம்?

பாலா, ஹூஸ்டன்

முன்கட்டை பற்றிக் கேட்டீர்கள், என் கதை அதுதான்.

என்னிடம் ஒரு மாஸ்பெர்க் 500, ஒரு 870. மாஸ்பெர்க்குக்கு ஆர்டர் போட்ட முன்கட்டை வந்ததும் இரவோடு இரவாகப் பிரித்தேன். கட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ஆனால் முன்பக்கம் அதைப் பிடிக்கும் நட்டு மரையில் ஏறவேயில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டையின் வாய்க்குள்ளே ஒரு விரல்கணு ஆழத்தில், முன்கட்டை ஏறி உட்காரும் குழாய் முடிந்திருக்கிறது. மாஸ்பெர்க் 500-இல் அந்தக் குழாய் இரண்டு நீளத்தில் வரும், ஆறே முக்கால் அங்குலம் ஒன்று, ஏழே முக்கால் அங்குலம் ஒன்று. என்னுடையது குட்டை, நான் வாங்கியது நீளமானதுக்கு. மாவெரிக் 88 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அதில் முன்கட்டையின் பிளாஸ்டிக்கும் அதிலிருந்து பின்னால் போகும் இழுதண்டும் ஒரே துண்டாக வரும். 500-இன் குழாயைத் தனியாக வாங்கினால்தான் வேறு முன்கட்டை போட முடியும்.

இதைவிட மோசமானது 870-இல் நடந்தது. ரிசீவரின் (தோட்டா ஏறி இறங்கும் நடு உடல்) இடப்பக்கம் ஆறு தோட்டா செருகும் பட்டை ஏற்கெனவே இருந்தது. அதன் மேல் ஒரு நீள முன்கட்டையை மாட்டினேன். வீட்டில் காலியாக மெதுவாக இழுத்தபோது சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது. ரேஞ்சில் முதல் குண்டு சுட்டுவிட்டு வேகமாக இழுத்தேன், 'டக்' என்று பட்டையின் விளிம்பில் இடித்து நின்றது. முழுதாகப் பின்னால் வரவில்லை. காலித் தோட்டா வெளியே விழாமல், அதன் பித்தளை விளிம்பு வாசலில் பாதி தெரிந்தபடி சிக்கிக்கொண்டது. பக்கத்து வரிசையில் தன் மகனுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர், கையை உயர்த்திப் பையனைப் பின்னால் நிறுத்திவிட்டு என் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை எனக்கு மறக்காது. அவர் செய்தது சரி.

ஏற்கெனவே என்ன மாட்டியிருக்கிறீர்களோ அதையும் சேர்த்துத்தான் முன்கட்டையின் நீளத்தைப் பார்க்க வேண்டும். பக்கப் பட்டை இருந்தால் ரிசீவர் மேல் ஏறாத குட்டை வகைதான்.

மணி, டெட்ராய்ட்

870 கட்டையைக் கழற்றுவது பற்றி ஒன்றே ஒன்று. ரப்பர் பேடில் இரண்டு சிறு துளை இருக்கும், ஸ்க்ரூ உள்ளே. ஸ்க்ரூடிரைவர் தண்டில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவிவிட்டு நுழைத்துவிடுங்கள். தடவாமல் அப்பாவின் துப்பாக்கியில் நுழைத்தேன், ரப்பர் வாய் கிழிந்து நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. அந்தக் கிழிசலை நான் மாற்றவும் இல்லை.

ரமேஷ், ஃபீனிக்ஸ்

மாஸ்பெர்க்குக்கு, கைத்துப்பாக்கி போல நேராகக் கீழே இறங்கும் பிடி வைத்த கட்டை போட்டேன். ஒரு நள்ளிரவு கராஜ் பக்கம் பெரிய சத்தம். மனைவி குழந்தைகளோடு உள்ளறையில், நான் படுக்கையறை வாசலில். மாஸ்பெர்க்கில், சுடவிடாமல் பூட்டும் சேஃப்டி ரிசீவரின் பின்னால் மேலே இருக்கும். சாதாரணக் கட்டையில் கட்டைவிரல் இயல்பாகவே அதன் மேல் உட்காரும். இந்தப் பிடியிலோ விரல் கீழே மாட்டிக்கொண்டது. இருட்டில் பிடியை விட்டுவிட்டு மேலே தடவுகிறேன், வழவழவென்று இரும்புதான் கையில் படுகிறது. சத்தம் காற்றில் சாய்ந்த ஏணி என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் என் விரல் இருட்டில் தடவிய அந்தச் சில நொடி என்னை விடவில்லை. மறுநாளே பழைய கட்டையைத் திரும்பப் போட்டேன். 870-இல் சேஃப்டி ட்ரிகருக்குப் பின்னால் குறுக்கே அழுத்துவது, அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே "எந்தக் கட்டை நல்லது" என்று பொதுவாகக் கேட்காமல், எந்தத் துப்பாக்கி என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் இதை எழுதாமல் போக மனம் வரவில்லை. 2017-இல் மாஸ்பெர்க் ஷாக்வேவ் வந்த பிறகு நம் ஆட்கள் நிறையப் பேர் அதை வாங்கியிருக்கிறார்கள். 14 அங்குலக் குழல், பறவைத் தலை போல வளைந்த குட்டைப் பிடி. "உதை தாங்கவில்லை, ஒரு நல்ல தோள்கட்டை போட்டுக்கொள்கிறேன்" என்று இரண்டு பேர் என்னிடமே சொன்னார்கள். தயவுசெய்து போடாதீர்கள். பிடியைத் திருகி எடுத்துவிட்டுத் தோள்கட்டையைத் திருகுவது பத்து நிமிட வேலைதான், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் சட்டத்தின் கண்ணில் அது வேறு ஆயுதமாகிவிடும். அமெரிக்காவின் 1934-ஆம் வருடத் துப்பாக்கிச் சட்டப்படி, தோள்கட்டை உள்ள ஷாட்கனின் குழல் 18 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் செய்வதற்கு முன்பே ஏடிஎஃப் என்ற மத்திய அரசுத் துறையில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். பிடியை இன்னும் குட்டையாக மாற்றி மொத்த நீளம் 26-க்குக் கீழே போனாலும் சிக்கல்தான். சாதாரண 18 அங்குல 870-இல் மடங்கும் கட்டை போட நினைப்பவர்களும் முதலில் டேப் எடுத்து அளந்து பாருங்கள். அப்புறம் உங்கள் மாநிலச் சட்டத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும், ஒரு மாநிலம் போல இன்னொன்று இல்லை. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் இதில் தெரியாமல் மாட்டினால் வீட்டையும் வேலையையும் சேர்த்து இழக்க நேரலாம். வாங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

குமரன் சார், வேட்டைக்குச் சரி, ஆனால் இரண்டு விரல் கணக்கும் எல்லோருக்கும் பொருந்தாது. என் மனைவி சின்ன முகம், ஒரு விரல் இடத்தில்தான் அவளுக்குச் சுகமாக இருக்கிறது.

குமரன், பிஸ்மார்க்

ரமேஷ், ஒரு விரல் இடத்தில் பத்து குண்டு சுடலாம். டிராப்பில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. இருபதாவது தட்டில் கன்னமும் மூக்கும் என்ன சொல்கின்றன என்று அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

செல்வி, மினியாபொலிஸ்

எல்லோருக்கும் நன்றி. பாலா தம்பி, நீங்கள் சொன்ன பிறகு துப்பாக்கியை மேசையில் வைத்து அளந்தோம். பழைய முன்கட்டையிலேயே இவள் கை இப்போது இயல்பாகப் போய் உட்காருகிறது. பின்கட்டை குறைந்ததும் முன்கட்டை தானாகவே ஒன்றரை அங்குலம் பக்கத்தில் வந்துவிட்டது, இதை நான் யோசிக்கவேயில்லை. ஆகவே அதை மாற்றப் போவதில்லை.

குமரன், மரத்தை வெட்டாததற்குக் காரணம் உண்டு. இவள் வளர்கிற பிள்ளை. வெட்டிய மரம் திரும்ப வளராது. அது விற்றவருடைய அப்பா வைத்திருந்த துப்பாக்கி, அந்தக் கட்டையை என்றைக்காவது அவர் கேட்டால் முழுதாகக் கொடுக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

நீங்கள் சொன்ன சோதனையை நேற்று மாலை செய்தோம். சுடும்போது போடும் அதே அணிச் சட்டையோடு கண்ணை மூடித் தோளில் வைத்தாள். திறந்ததும், "அம்மா, விரல் மூக்கில் இடிக்குது" என்றாள். ஒரு வருடத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள். டிராயரில் இருந்த முதல் ஸ்பேசரை எடுத்து அவளே திருகினாள். பதின்மூன்று அங்குலம். சனிக்கிழமை பயிற்சிக்கு அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறாள்.