கணக்குக் குழு பில்லை எப்போது பார்க்க வேண்டும்? (காவிரி டெல்டா உள்ளாட்சிகளின் வரவு செலவு பற்றிய இணைய விவாதம்; எழுதுவோர் ஆற்றுப் பெயர்களைப் புனைபெயராக வைத்திருக்கிறார்கள்)

வெண்ணாறு:
திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் மூன்றும் மாநகராட்சிகள். மன்ற உறுப்பினர்களைக் கொண்ட நிலைக்குழுக்களில் பணத்தோடு நேரடித் தொடர்புள்ளவை இரண்டு: கணக்குக் குழு, வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழு. பல ஊர்களில் மார்ச் மாதம் பட்ஜெட் நிறைவேறியதோடு சரி, அடுத்த மார்ச் வரை அந்தப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை. இடையில் மன்றத்துக்கு வருகிற பொருள்களைப் பாருங்கள். "முன்அனுமதி பெற்றுப் பணி செய்யப்பட்டது, மன்றத்தின் பின்னேற்புக்கு" என்று முடிகிறவை எத்தனை! வேலை முடிந்து பணமும் போன பிறகு கையைத் தூக்குவதற்கு மேற்பார்வை என்று பெயர் வைக்க முடியாது. 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஒவ்வொரு ஒப்பந்ததாரர் பில்லும் பட்டுவாடாவுக்கு (பணம் கொடுப்பதற்கு) முன்பே கணக்குக் குழுவுக்கு வர வேண்டும் என்பது என் கோரிக்கை.

குடமுருட்டி:
அண்ணே, கடுமையாக மறுக்கிறேன். ஒரு பில் நடக்கிற பாதையைப் பாருங்கள். உதவிப் பொறியாளர் களத்தில் அளவெடுத்து அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். மேல்நிலைப் பொறியாளர் அதை மறு அளவீடு செய்கிறார். கணக்குப் பிரிவு வருமான வரி, ஜிஎஸ்டி பிடித்தம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1%, உத்தரவாதத்துக்கு நிறுத்திவைக்கும் தொகை எல்லாவற்றையும் கழித்து நிகரத் தொகை போடுகிறது. கடைசியில் ஆணையர் கையெழுத்து. இதற்கு நடுவில் மாதம் ஒருமுறை கூடும் குழுவைச் செருகினால் ஒவ்வொரு பில்லும் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப்போகும். ஒப்பந்ததாரர் அந்தத் தாமதத்தின் வட்டியை அடுத்த டெண்டர் விலையில் ஏற்றிவிடுவார், அதையும் நாம்தான் கட்டுவோம். பணம் விடுவிக்கும் அதிகாரம் ஆணையரிடம், கேள்வி கேட்கும் அதிகாரம் குழுவிடம் என்று பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பில்லை நிறுத்திவைக்கும் அதிகாரம் எந்தக் கைக்குப் போனாலும் அங்கே பேரம் தொடங்கும். அதோடு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை என்று ஒன்று இருக்கிறது, மறக்க வேண்டாம்.

அரிசிலாறு:
இரண்டு பேரும் செலவுப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். ஓட்டை வரவுப் பக்கத்தில். குழு முதலில் கேட்க வேண்டிய காகிதம் கேட்பு-வசூல்-நிலுவைப் பட்டியல் (கேட்பு என்றால் கட்டச் சொல்லிக் கேட்கும் வரித்தொகை).

ஒரு வார்டு கணக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சொத்துவரி நடப்புக் கேட்பு 60 லட்சம், பழைய நிலுவைக் கேட்பு 40 லட்சம், மொத்தம் ஒரு கோடி. வசூல் 55 லட்சம். அதில் நடப்பில் 48, நிலுவையில் 7. மன்றத்தில் "80% வசூல்" என்று வாசிப்பார்கள். பொய்யில்லை, நடப்பு வசூல் 80%தான். ஆனால் நிலுவை வசூல் 17.5%, மொத்தத்தில் 55%. பட்ஜெட்டில் வரவாக எழுதியிருப்பது எது? ஒரு கோடியை எழுதி அதை நம்பி வேலை உத்தரவு கொடுத்திருந்தால் 45 லட்சம் துண்டு விழும். செப்டம்பருக்குள் பில்கள் மேசையில் குவியும். ஐயா வெண்ணாறு, அந்தக் குவியலைக் குழு எந்த வரிசையில் பார்த்தாலும் கொடுக்கப் பணம் இருக்காது.

அந்த 40 லட்சத்தில் பாதி வராத பணமாகவே இருக்கலாம். ஒரே வீட்டுக்கு இரண்டு வரிவிதிப்பு எண், இடித்த வீட்டின் பழைய எண், வழக்கில் நிற்கும் கட்டடம். கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற பழைய ஊர்களில் கோயில், மட அடிமனையில் கட்டிய வீடுகள் வேறு: மனை ஒருவருக்கு, கட்டடம் இன்னொருவருக்கு, கேட்பு அறிவிப்பு இறந்துபோனவர் பெயருக்கு. இவற்றைத் தள்ளுபடி செய்யக் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். யாரும் இடுவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் அதே தொகை கேட்பில் ஏறி, பட்ஜெட் வரவைப் பெரிதாகக் காட்டுகிறது. நிலுவையை ஓராண்டு, மூன்றாண்டு, அதற்கு மேல் என்று வயது பிரித்துக் கேட்டாலே பாதி உண்மை வெளியே வரும்.

வெண்ணாறு:
வரவுக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் நம் பகுதியில் செலவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. மேட்டூர் திறப்பின் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. திறந்த சில நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து வாய்க்கால்களில் ஓடத் தொடங்கிவிடும். நகர வடிகால்கள் கடைசியில் அந்த வாய்க்கால்களில்தான் விழுகின்றன. அங்கே தண்ணீர் நின்றால் வடிகால் வேலை நடக்காது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. ஆக உண்மையான வேலை நாள்கள் பிப்ரவரி முதல் மே வரைதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். மார்ச் கடைசியில் பட்ஜெட், ஏப்ரலில் மதிப்பீடு, பிறகு தொழில்நுட்ப அனுமதி, பிறகு டெண்டர். 2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. வேலை உத்தரவு கையில் கிடைக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். பிறகு மழைக்கு நடுவே களிமண்ணில் பள்ளம் தோண்டி, "நீர் இறைத்தல்" என்று தனிச் செலவு இனம் போட்டுப் பில் வரும். எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது என்று பின்னால் யாராலும் சரிபார்க்க முடியாது. அடித்தளக் கான்கிரீட்டை ஈர மண்ணில் கொட்டியிருந்தால் அடுத்த கோடையில் சுவர் சாயும். இதனால்தான் பில்லை முன்பே பார்க்க வேண்டும் என்கிறேன்.

குடமுருட்டி:
நீங்கள் சொன்ன நோய் சரி, மருந்து தவறு. ஈர மண்ணில் கொட்டிய கான்கிரீட்டைக் குழு பில்லைப் பார்த்துக் கண்டுபிடிக்காது. குழு கேட்க வேண்டியது நவம்பரில்: "அடுத்த ஆண்டு வடிகால் பணிகளுக்கு மதிப்பீடு தயாரா?" ஜனவரிக்குள் தொழில்நுட்ப அனுமதி, மார்ச்சுக்குள் டெண்டர் ஆவணம், பட்ஜெட் நிறைவேறிய வாரமே அறிவிப்பு என்றால் ஏப்ரல் கடைசியில் வேலை தொடங்கும். வடிகால் விழும் வாய்க்கால் நீர்வளத் துறையுடையது என்றால் அவர்களின் தூர்வாரும் பட்டியலையும் அப்போதே வாங்கி ஒப்பிட வேண்டும். வாய்க்கால் மேடாக இருக்கையில் வடிகாலை மட்டும் ஆழப்படுத்தினால் மழைத் தண்ணீர் தெருவுக்கே திரும்பும்.

பில்லுக்கு வேறு வழி சொல்கிறேன். பட்டுவாடா ஆனவற்றில் மாதம் பத்தைக் குலுக்கலில் எடுங்கள். அளவுப் புத்தகத்தோடு களத்துக்குப் போய் நீளத்தை நாடா வைத்து அளங்கள், தார்ச்சாலையில் துளையிட்டு எடுத்த மாதிரியின் கனத்தைப் பாருங்கள். குறைந்தால் நிறுத்திவைத்த தொகை இன்னும் கையில்தான் இருக்கிறது, அதிலிருந்து பிடிக்கலாம். எந்தப் பில் எடுபடும் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லாருக்கும் பயம் இருக்கும், பேரத்துக்கும் இடமில்லை.

மண்ணியாறு:
யாரும் மூன்று நிதிகளைத் தொடவில்லையே. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வழங்கல் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தனித்தனிப் புத்தகம். கொள்ளிடத்திலிருந்து தண்ணீர் ஏற்றும் ஊர்களில் மின்கட்டணம் குடிநீர் நிதியைத் தின்றுவிடும். கட்டண வசூல் போதாதபோது வருவாய் மற்றும் மூலதன நிதியிலிருந்து பணம் மாற்றுவார்கள், "நிதிகளுக்கிடையே கடன்" என்று எழுதுவார்கள். எப்போது திரும்பும் என்று எழுதமாட்டார்கள். பாதாள சாக்கடை இணைப்புக்காக மக்கள் கட்டிய வைப்புத்தொகை இன்னும் மோசம். அது பொறுப்பு (ஊர் ஈடுகட்ட வேண்டிய கடன் போன்றது), வருமானம் அல்ல. அதை எடுத்து அன்றாடச் செலவு செய்தால் இணைப்பு கொடுக்கும் நாளில் பணம் இருக்காது. வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழு மாதந்தோறும் மூன்று நிதிகளின் வங்கி ஒத்திசைவுப் பட்டியலையும் வாங்க வேண்டும். கணக்கில் ஒரு தொகை, வங்கியில் வேறு தொகை என்றால் வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் தேதியும் காரணமும் வேண்டும்.

பாமணியாறு:
நீங்கள் மாநகராட்சியை வைத்தே பேசுகிறீர்கள். மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற நகராட்சிகளில் 2022 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அமைந்தவை நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரி மேல்முறையீட்டுக் குழு. கணக்குக் குழு எங்கே? குடமுருட்டி சார் சொன்ன குலுக்கலை அங்கே யார் நடத்துவது? தணிக்கைத் துறை இருக்கிறது என்றும் சொன்னீர்கள். தணிக்கைத் தடை (கணக்கின் மீதான ஆட்சேபம்) எழுதுவதோடு அவர்கள் வேலை முடிகிறது. பதில் எழுதி, ஆதாரம் வைத்து, தணிக்கையாளரோடு சேர்ந்து உட்காரும் கூட்டமர்வில் தடையை நீக்குவதோ வசூலிப்பதோ ஊரின் வேலை. பொறுப்பான அலுவலர் மாறுதலாகியோ ஓய்வுபெற்றோ போன பிறகு யாரிடம் வசூலிப்பீர்கள்?

குடமுருட்டி:
அதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். தணிக்கை மட்டும் போதும் என்று நான் எழுதியது போதாத பதில். நிலுவைத் தடைகளின் பட்டியலை ஆண்டு, தொகை, பொறுப்பாளர் பதவி, பதில் அனுப்பிய தேதி என்ற நான்கு பத்தியில் காலாண்டுக்கு ஒருமுறை மன்றத்தில் வைக்கச் சொல்லலாம். இதற்குத் தனிக் குழு தேவையில்லை, ஒரு உறுப்பினர் கேள்வியாகக் கேட்டாலே பதில் தர வேண்டிவரும். ஆனால் பட்டுவாடாவுக்கு முன் குழு கையெழுத்து என்பதை இன்னும் எதிர்க்கிறேன்.

அரிசிலாறு:
பாமணியாறு, பொதுமக்கள் பக்கமிருந்தும் ஒரு வழி உண்டு. 2021-26க்கான மத்திய 15வது நிதிக்குழு மானியத்துக்கு, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கும் இணையத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக வைக்கப்பட்டது. உங்கள் ஊர்க் கணக்கை இறக்கி, "நிதிகளுக்கிடையே கடன்", "வைப்புத்தொகைகள்" என்ற இரண்டு வரியை இரண்டு ஆண்டுக்கும் ஒப்பிடுங்கள். வைப்புத்தொகை ஏறியும் வங்கி இருப்பு இறங்கியும் இருந்தால் அந்த இரண்டு பக்கத்தையும் இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்ப்போம்.

வெண்ணாறு:
குலுக்கலை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: நீர் இறைத்தல் இனம் உள்ள பில்கள் குலுக்கலில் சேராமல் எல்லாமே பார்க்கப்பட வேண்டும். மோட்டார் ஓடிய நேரத்தை அன்றன்றைக்கே பதிவேட்டில் எழுதி வார்டு உறுப்பினர் கையெழுத்தும் வாங்கியிருக்க வேண்டும். இதற்கு மறுப்பு உண்டா?

குடமுருட்டி:
பதிவேடு சரி. கையெழுத்து உறுப்பினருடையது வேண்டாம், அந்தத் தெருவில் குடியிருக்கும் இருவருடையது போதும்.