கார்செட்டுக்கு முடிவுகட்டியது யார், ஷனேலா பொய்ரேவா?

ஊசிநூல்:
கல்லூரியில் 1900 முதல் 1926 வரையிலான பாரிஸ் உடைகளைத் தைத்து மேடையேற்றப் போகிறோம். அறிமுக உரையில் நான் எழுதியிருக்கும் வரி: "பெண்களின் இடுப்பை இறுக்கிய கார்செட்டுக்கு முடிவுகட்டியவர் கொகோ ஷனேல்." கார்செட் என்பது எஃகுக் கம்பிகள் வைத்துக் கயிற்றால் இறுக்கும் உள்ளாடை, ஷனேல் பாரிஸின் உடை வடிவமைப்பாளர். என் காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். 1913இல் தோவில் என்ற கடற்கரை ஊரில் கடை போட்டார். ஆண்களின் உள்ளாடைக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த ஜெர்சி என்ற பின்னல் துணியில் பெண்களுக்கு மேல்சட்டையும் பாவாடையும் தைத்தார். 1926இல் அமெரிக்க வோக் இதழ் அவருடைய கறுப்பு உடையை ஃபோர்டு காரோடு ஒப்பிட்டது. அந்த அளவுக்கு எல்லோருக்குமான உடை அது. மறுப்பவர்கள் சொல்லுங்கள், ஒத்திகைக்கு முன் விவாதித்துவிடலாம்.

பழம்பட்டு:
மறுக்கிறேன். ஷனேல் 1910இல் பாரிஸில் தொப்பிதான் விற்றுக்கொண்டிருந்தார். பாரிஸின் இன்னொரு உடை வடிவமைப்பாளர் பால் பொய்ரே 1906இலேயே கார்செட் தேவைப்படாத கவுனைத் தைத்துவிட்டார். அதற்கு முந்தைய உடலமைப்பைப் பாருங்கள்: மார்பு முன்னால் தள்ளி, பின்புறம் பின்னால் தள்ளி, பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில 'எஸ்' மாதிரி வளைந்து நிற்கும். பொய்ரே அந்த வளைவையே அழித்தார். மார்புக்குக் கீழே தொடங்கும் உடை, அங்கிருந்து நேராகத் தரைக்கு இறங்கும். அவர் மனைவி தெனீஸ்தான் அவற்றை முதலில் உடுத்திக் காட்டியவர். 1908இல் பால் இரீப் வரைந்த படங்களோடு ஒரு தொகுப்பே வெளியிட்டார்கள். இத்தனையும் நடந்தபோது ஷனேல் பெயர் யாருக்கும் தெரியாது.

நம் பக்கத்து விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. பொய்ரேவின் புகழ்பெற்ற தலைப்பாகைகளுக்கு மூலம் லண்டன் சௌத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் இருந்த இந்தியத் தலைப்பாகைகள். தன் தையற்கூடத்துப் பெண் ஒருவரைப் பாரிஸிலிருந்து வரவழைத்து, நாள்கணக்கில் உட்கார வைத்து அவற்றைப் பிரதியெடுக்க வைத்தார். இதை மேடையில் கட்டாயம் சொல்லுங்கள். அந்தத் தலைப்பாகைகளைக் கட்டின இந்தியர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை, ஊர் பெயராவது வரட்டும்.

கத்தரி:
பொய்ரேவை விடுதலை வீரர் ஆக்க வேண்டாம். 1910 வாக்கில் கணுக்காலைச் சுற்றி ஒடுங்கும் ஹாபிள் பாவாடையைப் பரப்பியவரும் அவர்தான். அதை உடுத்தினால் ஒரு படி ஏறுவதே பெரிய வேலை. மார்பை விடுவித்துக் காலைக் கட்டினேன் என்று நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

அதைவிட முக்கியம், கவுனின் உள்பக்கம். அந்தக் காலத்து உயர்ந்த இடுப்புக் கவுனைத் திருப்பிப் பார்த்தால், உள்ளே விரலகலத்துக்கும் மேலான கெட்டி நாடா ஒன்று சுற்றி ஓடும். அதில் சின்னச் சின்னக் கம்பிகள் செருகியிருக்கும். முன்னால் கொக்கி. முதலில் அந்தப் பட்டையை இறுக்கி மாட்ட வேண்டும், அப்புறம்தான் மேலே இருக்கும் மெல்லிய பட்டு. மிதப்பது போலத் தெரியும் உடையை அந்தப் பட்டைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தெனீஸ் ஒல்லியானவர், அவருக்கு ஒன்றும் வேண்டியதில்லை. மற்றப் பெண்களுக்கு? கார்செட் மேலே குட்டையாகிக் கீழே நீண்டது. 1910 வாக்கில் வந்தவை தொடை வரை இறங்கின. நேர்கோட்டு உடம்பு வேண்டுமே! இறுக்கம் இடம் மாறியது, போகவில்லை.

பழம்பட்டு:
கடைக்காரர்கள் விற்ற கார்செட்டுக்குப் பொய்ரே எப்படிப் பொறுப்பு? அவர் வரைந்த உடம்பில் அது இல்லை. யோசனை அவருடையது, அதைத்தான் சொல்கிறேன்.

நெசவுக்காரன்:
யோசனைக்குத்தான் பெருமை என்றால் மதலேன் வியோனே என்ற வடிவமைப்பாளரை ஏன் விட்டீர்கள்? 1907இல் தூசே என்ற பாரிஸ் உடை நிறுவனத்தில் வேலை பார்த்தபோது மாடல்களைக் கார்செட் இல்லாமல், வெறுங்காலோடு நடக்க வைத்தவர். அங்கிருந்த விற்பனைப் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. 1912இல் தனியாகத் தொடங்கினார். பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம்: துணியை இழை போக்கில் வெட்டாமல் கிராஸில், அதாவது மூலைவாட்டில் வெட்டி முழு உடையையும் அமைத்தார். மரத்தால் செய்த சிறிய பொம்மை மேல் துணியைச் சுற்றி, குத்தி, திருப்பிப் பார்த்துப் பார்த்து வடிவத்தைக் கண்டுபிடிப்பார். நம் தையற்காரர்கள் கிராஸ் கட் ரவிக்கை தைக்கும்போது துணி உடம்போடு இழைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இழைவு ஒரு முழு கவுனுக்கும் வந்தால் உள்ளே கம்பி எதற்கு? மற்ற இருவரும் கார்செட்டை விட்டதோடு சரி. அதன் வேலையைத் துணியிடமே ஒப்படைத்தவர் வியோனே ஒருவர்தான்.

வாசகி:
மூன்று பேருமே பாரிஸின் விலையுயர்ந்த தையற்கூடக்காரர்கள். லண்டனில் 1881இலேயே அறிவார்ந்த உடைக்காக, அதாவது உடம்பை இறுக்காத உடைக்காகப் பெண்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள். பிறகு சைக்கிள் வந்தது, டென்னிஸ் வந்தது. 1914இல் முதல் உலகப் போர். குண்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் பெண் எஃகுக் கம்பியை மாட்டிக்கொண்டு குனிய முடியுமா? அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் பிராவுக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு கைக்குட்டை, கொஞ்சம் ரிப்பன், அதில் தொடங்கியது அது. ஆலைக்குப் போன பெண்ணுக்கு மேடையில் ஓர் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஊசிநூல்:
ஆலைப் பெண்ணைச் சேர்க்கிறேன், மேலங்கியும் கால்சட்டையுமாக. ஆனால் வாசகி சொல்வது ஷனேலுக்குத்தான் வலு சேர்க்கிறது. போர் காலத்தில் பெண்ணுக்கு எது தேவைப்பட்டதோ அதைத் துணியாக்கியவர் அவர். தானே மாட்டி, தானே பொத்தான் போட்டு, பையில் கைவிட்டு நடக்கலாம். பொய்ரேவின் மேலங்கிகள் விருந்துக்கானவை. காலம் நகர்ந்தபோது அவரால் நகர முடியவில்லை, 1929இல் நிறுவனத்தை மூடினார்கள்.

பழம்பட்டு:
1915இல் பியாரிட்ஸ் என்ற பிரெஞ்சுக் கடற்கரை ஊரில் ஷனேல் திறந்த கடைக்கு வந்தவர்கள் போருக்கு ஒதுங்கிய பணக்காரர்கள். ஆலைப் பெண் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டாள். கடை மூடியதை வைத்து யார் முதலில் செய்தார் என்பதைத் தீர்மானிக்க முடியாது.

கத்தரி:
1920களிலும் கார்செட் சாகவில்லை. மார்பைத் தட்டையாக்க இங்கிலாந்தின் சிமிங்டன் நிறுவனம் இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கும் கச்சை விற்றது. இடுப்புக்கு எலாஸ்டிக் பட்டை. அதனால் "முடிவுகட்டியவர்" என்ற சொல் யாருக்குமே பொருந்தாது. மேடைக்கு உள்ளாடைதான் முதல் வேலை. இன்றைய பேடு வைத்த பிரா மேல் 1925 உடையை மாட்டினால் டார்ட் (மார்பு வடிவத்துக்காகத் தைக்கும் மடிப்பு) இல்லாத அந்த நேர்வெட்டு மார்பில் தூக்கிக்கொண்டு, முன்பக்கம் குட்டையாகிவிடும். எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் அது 1925 ஆகாது.

ஊசிநூல்:
"முடிவுகட்டியவர்" என்பதை எடுத்துவிட்டு "அன்றாட உடையிலிருந்து விலக்கியவர்" என்று போடுகிறேன். ஷனேல்தான் என்பதில் மாற்றமில்லை. வரிசையில் பொய்ரே முதலில், அப்புறம் வியோனே, ஆலைப் பெண், கடைசியில் ஜெர்சி. கத்தரி, அந்தப் பக்கக் கயிறு கச்சையைக் காடாத் துணியில் தைத்தால் போதுமா, இல்லை உள்ளே இன்னொரு மடிப்பு வேண்டுமா?

கத்தரி:
காடா போதும், இரண்டு மடிப்பாக. கயிறு போகும் ஓட்டைகளுக்கு மட்டும் பித்தளை வளையம் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இறுக்கும்போது கிழியும். உரையில் அந்தப் புது வரியையும் நான் ஏற்கவில்லை, அன்றாட உடைக்குள்ளும் அது இருந்தது.